டீகம்பைல் செய்த கோடும் முடங்கிய கணக்கும்: வேலையை ஏற்பதிலிருந்து மேல்முறையீடு வரை

"ஆப் என்னுடையதுதான். எழுதிக் கொடுத்தவர் போனே எடுப்பதில்லை. ஏபிகே மட்டும்தான் இருக்கிறது. இரண்டு திரையை மாற்றித் தர முடியுமா?" ஃப்ரீலான்ஸ் தளங்களில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இந்தச் செய்தி வராமல் இருந்திருக்காது. புதியவர் அன்று இரவே ஏபிகேயை, அதாவது போனில் நிறுவும் ஆண்ட்ராய்டு ஆப் கோப்பை, ஜாடெக்ஸ் என்ற கருவியில் திறந்து டீகம்பைல் செய்வார்: இயங்கும் நிரலிலிருந்து படிக்கத்தக்க கோடை மீட்பார். நான்காம் நாள் ஒப்படைப்பார். பத்தாம் நாள் கணக்கு முடங்கிக் கிடக்கும்.

இப்படி மாட்டிக்கொண்ட சிலருக்கு மேல்முறையீடு எழுத உதவியிருக்கிறேன். நான் பார்த்தவரை டீகம்பைல் செய்ததற்காக விழுந்த தடை குறைவு. செய்ததைச் சொல்லாமல் விட்டதற்காக விழுந்ததுதான் அதிகம். அதனால் கீழே உள்ளதில் பாதிக்கு மேல் தடை வருவதற்கு முன் செய்ய வேண்டியவை. ஏற்கெனவே தடை வந்துவிட்டதென்றால் 1-ஐப் படித்துவிட்டு நேராக 7-க்குப் போங்கள்.

1. எந்தக் குற்றச்சாட்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தளம் அனுப்பும் மின்னஞ்சலில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: அறிவுசார் சொத்துரிமை விதி மீறப்பட்டது. அந்த ஒரு வரிக்குள் மூன்று வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு என்பதால் இதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

முதலாவது, அடுத்தவருடைய நிரலை அவிழ்த்தது. போட்டியாளரின் ஆப்பைத் திறந்து லோகோவை மாற்றுவது, கட்டணச் சோதனையைக் கழற்றி எறிவது எல்லாம் இதில் சேரும். இதற்கு வரும் தடை நியாயமானதுதான். இந்த வகைக்கு நான் மேல்முறையீடு எழுதித் தருவதில்லை.

இரண்டாவது, டீகம்பைல் செய்த கோடைத் தானே எழுதியதாகச் சொல்லிக் கொடுத்தது. புதிதாக எழுதித் தருகிறேன் என்று பணம் பேசிவிட்டு, பழைய ஏபிகேயிலிருந்து உருவிக் கொடுப்பது. ஆப் கிளையன்டுடையதே என்றாலும் இது ஏமாற்றுதான். ஆனால் இது காப்புரிமை (காபிரைட்) திருட்டு இல்லை, ஒப்பந்த மீறல். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு எச்சரித்தால் போதும். முதல் தடவையே ஆயுள் தடை போடுவது அதிகம் என்பது என் கருத்து.

மூன்றாவது, வெளியாள் ஒருவர் புகார் கொடுத்தது. 1998-ல் வந்த அமெரிக்க டிஜிட்டல் காப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏவின் 512-ஆம் பிரிவு, புகார் வந்ததும் உடனே நீக்கும் தளங்களுக்குப் பொறுப்பிலிருந்து பாதுகாப்பு தருகிறது. கூடவே, திரும்பத் திரும்ப மீறுபவர்களின் கணக்கைத் தகுந்த சூழலில் மூடும் கொள்கையும் இருக்க வேண்டும் என்கிறது. அதனால்தான் தளங்கள் உட்கார்ந்து விசாரிக்காமல் முதலில் கதவைச் சாத்துகின்றன. இதில் கவனிக்க வேண்டியது 'திரும்பத் திரும்ப' என்ற சொல். ஒரே புகாரில் ஆளையே வெளியேற்றச் சொல்லி அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. மேல்முறையீட்டில் இது உதவும்.

இந்த மூன்றிலும் சேராதவர்களும் சிக்குகிறார்கள். உரிமையாளர் கேட்டார், இவர் சொல்லிவிட்டே செய்தார், ஆனாலும் தடை. வேலையைப் போட்ட கிளையன்டின் கணக்குக்கு ஒன்றும் ஆவதில்லை, செய்தவர் மட்டும் வெளியே. அநியாயம் என்று நான் சொல்வது இதைத்தான். கீழே உள்ள படிகள் முக்கியமாக இவர்களுக்காக.

2. கோப்பைத் திறக்கும் முன் ஆளைச் சோதியுங்கள்

இந்த வரிசை முக்கியம். கோப்பைத் திறந்து பார்த்த பிறகு "ஆப் உங்களுடையதுதானா?" என்று கேட்டால், பின்னால் அந்த உரையாடலைப் படிப்பவருக்குச் சந்தேகம் உங்கள் மேல்தான் வரும். கேள்வியின் நேரம் கோப்பைத் திறந்த நேரத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு ஆப் என்றால் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஏபிகே ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழால் கையொப்பமிடப்பட்டது. ஆண்ட்ராய்டு கருவிகளோடு வரும் ஏபிகேசைனரில் அந்தச் சான்றிதழின் எஸ்ஹெச்ஏ-256 கைரேகையை (அதை அடையாளம் காட்டும் எண்ணெழுத்துத் தொடர்) எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிளையன்டிடம், ஆப்பை வெளியிடும் கூகுள் பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தைத் திறந்து அங்குள்ள கைரேகையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்தக் கணக்கிலிருந்து வந்த ஆப்தான் அது. கைரேகை எடுப்பதற்கு உள்ளே இருக்கும் கோடைப் பார்க்க வேண்டியதில்லை, அதுவும் வசதி.

படத்தைத் திருத்திவிடலாமே என்று தோன்றினால், கடைப் பக்கத்தில் ஆப்பின் விளக்கத்தில் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லை ஒரு நாளைக்குச் சேர்க்கச் சொல்லுங்கள். வலைத்தளம் என்றால் டொமைனில் ஒரு டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவு (டொமைனை நிர்வகிப்பவர் மட்டும் சேர்க்கக்கூடிய ஒரு வரி). உண்மையான உரிமையாளருக்கு இது பத்து நிமிட வேலை. "அதெல்லாம் எதற்கு, இன்னொருவர் கேட்காமலே செய்கிறேன் என்கிறார்" என்று பதில் வந்தால் அந்த இன்னொருவருக்கே வேலையை விட்டுவிடுங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, இந்தப் பேச்சையெல்லாம் வாட்ஸ்அப்பில் நடத்துவது. தளத்தின் உள்பெட்டியில் இல்லாததைத் தளம் சான்றாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. போதாக்குறைக்கு, தளத்துக்கு வெளியே பேசியதே பல தளங்களில் தனி விதிமீறல்.

3. காசு கொடுத்தவரா, எழுதியவரா: உரிமை யாருக்கு?

ரொம்ப நாள் தொழிலில் இருப்பவர்களும் இதில்தான் சறுக்குகிறார்கள். "நான் காசு கொடுத்து எழுத வைத்தேன், அதனால் என்னுடையது" என்று கிளையன்ட் நினைப்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957-ன் 17-ஆம் பிரிவுப்படி நிரலை எழுதியவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால்தான் அது முதலாளிக்குப் போகும். வெளியாள் ஒருவர், அதாவது நம்மைப் போன்ற ஃப்ரீலான்சர், எழுதினால் உரிமை மாறுவதற்குக் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். இது 19-ஆம் பிரிவு. அந்த எழுத்திலும் காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுதான், இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அமெரிக்காவிலும் கையெழுத்தில்லாமல் உரிமை கைமாறாது.

ஆக, போன் எடுக்காத அந்தப் பழைய டெவலப்பர்தான் சட்டப்படி ஆப்பின் உரிமையாளராக இருக்கக்கூடும். அவரே நாளைக்குப் புகார் கொடுத்தால் மூன்றாவது வகைக் குற்றச்சாட்டு உங்கள் தலையில் விழும். கிளையன்டிடம் பழைய ஒப்பந்தத்தைக் கேளுங்கள். அவர் முந்தைய வேலையையும் ஏதாவது தளத்தின் வழியே கொடுத்திருந்தால், பணம் செலுத்தியதும் உரிமை கிளையன்டுக்கு மாறும் என்று அந்தத் தளத்தின் பொது ஒப்பந்தத்திலேயே இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்தால் போதும். எதுவுமே இல்லையென்றால், பழைய டெவலப்பரிடமிருந்து "மாற்றிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை" என்று ஒரு வரி மின்னஞ்சலாவது வாங்கித் தரச் சொல்லுங்கள்.

கிளையன்ட் உரிமையாளர் இல்லை, உரிமம் வாங்கிய பயனர் மட்டும்தான் என்றால் கதை வேறு. உதாரணத்துக்கு, தயாரித்த கம்பெனியே மூடிவிட்ட பழைய பில்லிங் மென்பொருள். நம் சட்டத்தின் 52(1)(ஏபி) பிரிவு, சட்டப்படி நிரலை வைத்திருப்பவர் தனியாக எழுதிய வேறொரு நிரலோடு அதை இணைந்து இயங்க வைக்கத் தேவையான தகவலைப் பெற அனுமதிக்கிறது. அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009/24 மென்பொருள் ஆணையின் 6-ஆம் உறுப்பும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. சட்டப்படி வாங்கியவர் நிரலின் பிழையைத் திருத்தவும் டீகம்பைல் செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் டாப் சிஸ்டம் வழக்கில் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் கொஞ்சம் கெடுபிடி. உரிம ஒப்பந்தத்தில் 'ரிவர்ஸ் எஞ்சினியரிங் கூடாது' என்று இருந்தால் அது செல்லும் என்று 2003-ல் பவர்ஸ் எதிர் பேஸ்டேட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். தரவை வெளியே எடுப்பது, வேறொன்றோடு இணைப்பது, பிழை திருத்துவது ஆகியவற்றுக்குப் பேச இடமுண்டு. பிரதி எடுத்து விற்பதற்கு எங்கேயும் இல்லை. பெரிய தொகை என்றால் வக்கீலைக் கேட்டுவிடுங்கள்.

4. முதலில் எழுதிய சோர்ஸ் கோடைத் தேட வையுங்கள்

பழைய லேப்டாப், பழைய டெவலப்பரின் கிட்ஹப் அல்லது பிட்பக்கெட் கணக்கு, ஹோஸ்டிங் பேக்கப், ஒப்படைப்பின்போது வந்த ஜிப். கிளையன்ட் இவற்றைத் தேடி, கிடைக்கவில்லை என்று உள்பெட்டியில் எழுதட்டும். கிடைத்துவிட்டால் டீகம்பைலே தேவையில்லை, உங்களுக்கும் வேலை சுளுவு. கிடைக்காவிட்டால், வேறு வழி இருக்கவில்லை என்பதற்கு அந்த வரியே சான்று.

5. ஒப்பந்தத்தில் ஒரு பத்தி, தனி மைல்ஸ்டோன்

எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும்வரை தளம் பணத்தைப் பிடித்துவைக்கும் கணக்கில், பணம் விழும் முன், வேலை விவரத்திலேயே இதைச் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியதன் சாரம்:

"இந்த நிரலின் உரிமையாளர் நான். சோர்ஸ் கோட் என்னிடம் இல்லை. நான் தரும் ஏபிகேயை டீகம்பைல் செய்து மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறேன். ஒப்படைக்கப்படும் கோடின் ஒரு பகுதி கருவியால் மீட்கப்பட்டது, கையால் எழுதப்பட்டதல்ல என்பதை அறிவேன். மூலக் குறிப்புகள் அதில் இருக்காது, மூலப் பெயர்களும் இல்லாமல் போகலாம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கம்பைல் செய்யும்போதே கோடுக்குள் இருந்த குறிப்புகள் போய்விடும், எந்தக் கருவியாலும் அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இது தெரியாத கிளையன்ட் "இதென்ன ஏ, பி, சி என்று கிளாஸ் பெயர், குப்பையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்" என்று புகார் கொடுப்பார். நான் பார்த்த இரண்டாவது வகைத் தடைகளில் சில இப்படித் தொடங்கியவைதான்.

மீட்பதை முதல் மைல்ஸ்டோனாகவும் (தனித் தொகை பேசிய கட்டம்) மாற்றங்களை இரண்டாவதாகவும் பிரியுங்கள். மீட்ட கோட் மறுபடி கம்பைல் ஆகும் என்று உறுதி கிடையாது. ஜாடெக்ஸ் சில மெத்தடுகளில் (கோடின் சிறு பகுதிகள்) தோற்றுப்போய் வெறும் குறிப்பை மட்டும் விட்டுவைக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை பேசினால், பாதியில் நிற்கும்போது தகராறு வரும். கட்டணத் தகராறு எப்படியோ நடத்தைப் புகாராக உருமாறிவிடும்.

6. வேலையின்போது தடயத்தை அழிக்காதீர்கள்

முதல் காரியம்: கிளையன்ட் தந்த கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுத்து, அதன் ஹேஷை (கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் அடையாளத் தொடர்) உள்பெட்டியில் எழுதி அனுப்புங்கள். எந்தக் கோப்பிலிருந்து தொடங்கினீர்கள் என்ற கேள்வி பின்னால் எழாது.

அடுத்து, கருவி தந்ததை அப்படியே, கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஜிட்டில் முதல் கமிட்டாக (பதிவாக) போடுங்கள். ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். "ஜாடெக்ஸ் வெளியீடு, திருத்தம் இல்லை" என்று கமிட் செய்தி. உங்கள் வேலை இரண்டாவது கமிட்டிலிருந்து தொடங்கட்டும். கருவி தந்தது எது, நீங்கள் எழுதியது எது என்று வரிக்கு வரி காட்டுவதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

பெரும்பாலானவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். கோப்பின் தலையில் கருவி எழுதிவைக்கும் வரியைத் தேடித்தேடி அழிப்பார்கள். சிஎஃப்ஆர், டாட்பீக் போன்ற கருவிகள் தாங்கள் டீகம்பைல் செய்ததை மேலேயே ஒரு வரியில் எழுதிவிடும். அதை அழித்தால் மறைந்துவிடுமா? ஒரு பையன் எனக்குக் காட்டிய கோப்பில் கருவி எழுதிய அடையாள வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் திரையைத் திறக்கும் மெத்தடில், லேஅவுட்டின் (திரை அமைப்பின்) பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 2131427356 என்று ஒரு எண் நின்றது. உலகத்தில் எந்த மனிதரும் அப்படி எழுத மாட்டார். கம்பைலர் லேஅவுட் பெயரை எண்ணாக மாற்றிவிடும். 213 என்று தொடங்கும் பத்து இலக்க எண் அங்கே நின்றால் அது ஏபிகேயிலிருந்து வந்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அவர் டெக்ஸ்2ஜார், ஜேடி-குயி என்ற இரண்டு கருவிகளில் அதைத் திறந்திருக்கிறார், எண்ணைப் பெயராக மாற்ற மறந்துவிட்டார். கூடவே பொருளில்லாத பெயர்களோடு வரிசையாக மாறிகள். விண்டோஸ் நிரல் என்றால் கிட்ரா என்ற கருவி வைக்கும் பெயர்களில் முகவரி எண்ணே ஒட்டிக்கொண்டு நிற்கும். இவற்றையெல்லாம் ஒன்று விடாமல் துடைக்க ஆகும் நேரத்தில் ஆப்பையே புதிதாக எழுதிவிடலாம். அதைவிட முக்கியம், கருவியின் வரி அழிந்த கோப்பு மறைக்கும் எண்ணத்துக்குச் சான்றாகிவிடும். அந்தப் பையனின் மேல்முறையீடு அதில்தான் தோற்றது. கிளையன்ட் உண்மையான உரிமையாளர்தான். வருத்தமான விஷயம்.

இன்னொரு தவறு, ஏபிகேக்குள் இருக்கும் வெளி நூலகங்களையும் (பிறர் எழுதிய ஆயத்தக் கோட்) சேர்த்துக் கொடுப்பது. ஓகேஹெச்டிடிபி, ரெட்ரோஃபிட் மாதிரியானவை அதற்குள் கம்பைல் ஆகிக் கிடக்கும். அவை கிளையன்டின் சொத்தல்ல, அவர் தந்த அனுமதி அவற்றுக்குச் செல்லாது. அந்த ஃபோல்டர்களைத் தூக்கிவிட்டு, கிரேடில் கோப்பில் (ஆப்பைக் கம்பைல் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் கோப்பு) நூலகத்தின் பெயரையும் பதிப்பையும் எழுதுங்கள். கம்பைல் ஆவதற்கும் அதுதான் நல்லது. காசு கொடுத்து வாங்கும் எஸ்டிகே (ஆயத்த நிரல் தொகுப்பு) ஏதாவது இருந்தால் கிளையன்ட் தன் உரிமத்தை அனுப்பட்டும்.

ஒப்படைக்கும்போது ஒரு சின்ன ரீட்மீ (விளக்கக் குறிப்பு) வையுங்கள்: எந்தக் கோப்பிலிருந்து, எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த மெத்தடுகள் மீளவில்லை, நீங்கள் எழுதியவை எவை. அரைப் பக்கம் போதும்.

7. தடை வந்த முதல் நாள்

இன்னொரு கணக்கு திறக்காதீர்கள். தம்பி பெயரிலும் வேண்டாம். பல தளங்களில் இதுவே நிரந்தரத் தடைக்குத் தனிக் காரணம், முதல் வழக்கில் நீங்கள் ஜெயித்தாலும் இது நிற்கும்.

உள்பெட்டி இன்னும் திறந்தால் முதலில் அந்த ஒப்பந்தத்தின் உரையாடல் முழுவதையும் தேதி தெரியும்படி படமெடுத்துச் சேமியுங்கள். எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தப் பக்கம், மைல்ஸ்டோன்கள், பணப் பதிவு, தளத்தின் அன்றைய விதிகள் எல்லாவற்றுக்கும் இதே. எஸ்க்ரோவில் பணம் இருந்தால் அதைப் பற்றி ஆதரவுப் பிரிவில் தனி டிக்கெட் (கோரிக்கை) போடுங்கள். தடையையும் பணத்தையும் ஒரே கடிதத்தில் கலந்தால் இரண்டுக்கும் பதில் வராது.

கோபத்தில் ஆதரவுப் பிரிவுக்கு ஐந்து செய்தி அனுப்பாதீர்கள். எழுதப்போகும் கடிதம் ஒன்றே ஒன்றுதான், அது நாளைக்கு.

8. மேல்முறையீடு எழுதும் வரிசை

படிப்பவர் ஒரு நாளைக்கு எத்தனையோ கடிதம் பார்க்கிறவர். உங்கள் குடும்ப நிலையோ ஐந்து நட்சத்திர மதிப்பீடோ அவருக்கு முடிவெடுக்க உதவாது. கடிதம் ஒரு பக்கத்துக்குள் இப்படிப் போகட்டும்.

முதல் வரியில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளுங்கள்: "ஆம், இந்த ஒப்பந்தத்தில் டீகம்பைல் செய்தேன். நிரலின் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் செய்தேன்." இதைத் தள்ளிப்போட்டால் மீதியை நம்ப மாட்டார்கள். அவர்கள் கையில் கோப்பு இருக்கிறது.

பிறகு காலவரிசை, தேதியோடு நான்கைந்து வரி. உரிமையைக் கேட்டது, கைரேகை பொருந்தியது, அனுமதிப் பத்தி, ஹேஷ் அனுப்பியது, முதல் கமிட், ஒப்படைப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், படத்துக்கு எண்.

அதன்பின் ஒரே கேள்வி: "எந்த விதி, எந்தக் கோப்பு, யாருடைய உரிமை மீறப்பட்டது என்று தெரிவியுங்கள்." இதைக் கேட்டே ஆக வேண்டும். எதற்குத் தடை என்று சொல்லாமல் போட்ட தடைக்குச் சரியான பதில் எழுத யாராலும் முடியாது.

கடைசியாக, கேட்பதைச் சிறியதாக வையுங்கள்: மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும், அது முடியும்வரை நடந்துகொண்டிருக்கும் மற்ற ஒப்பந்தங்களை முடிக்க அனுமதி வேண்டும்.

இரண்டாவது வகைத் தவறு உண்மையிலேயே செய்திருந்தால் வாதாடாதீர்கள். "மீட்ட கோட் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்று எழுதி, திருப்பிக் கொடுத்ததற்கான பதிவையும் வையுங்கள். முதல் தவறு என்றால் இதில் கணக்கு மீண்டதைப் பார்த்திருக்கிறேன். மழுப்பியவர்களுக்கு மீண்டதைப் பார்த்ததில்லை.

9. டிஎம்சிஏ எதிர் அறிவிப்பு: யோசித்துத் தொடுங்கள்

வெளியாள் புகார் என்றால் எதிர் அறிவிப்பு, அதாவது நீக்கியது தவறு என்ற மறுப்பு, கொடுக்கும் வழி உண்டு. கொடுத்த பின் புகார்தாரர் வழக்குத் தொடராவிட்டால், 10 முதல் 14 வேலை நாட்களில் நீக்கியதைத் தளம் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் அது சாதாரணக் கடிதமல்ல. பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு, உங்கள் பெயர், முகவரி, அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு ஒப்புதல் எல்லாம் தர வேண்டும். இவை புகார்தாரர் கைக்கும் போகும். 3-ஆம் பகுதியின் காகிதங்கள் கையில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். இன்னொன்று, இது திரும்ப வைப்பது கோப்பைத்தான். கணக்கைத் திறப்பது தனி முடிவு, அதற்கு 8-ல் சொன்ன கடிதம் வேண்டும்.

10. தளம் மசியாவிட்டால்

நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தால் கையில் ஆயுதம் இருக்கிறது. 2024 பிப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், கணக்கை முடக்கும் தளம் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்கிறது (17-ஆம் உறுப்பு). சிறு நிறுவனங்கள் அல்லாத தளங்கள் ஆறு மாதமாவது உள் மேல்முறையீட்டுக்கு வழி வைக்க வேண்டும். அந்த முடிவைக் கருவியிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது (20). அதற்கும் மேலே, நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் அமைப்புகளிடம் போகலாம் (21). பிரான்சிலோ ஜெர்மனியிலோ இருந்து வேலை செய்யும் நண்பர்கள் கடிதத்தில் இந்த எண்களைக் குறிப்பிடுவது நல்லது.

இந்தியாவிலிருந்து வேலை செய்பவருக்கு அந்த வசதி இல்லை. தளம் இந்தியாவுக்கென்று குறைதீர்ப்பு அலுவலரை அறிவித்திருந்தால், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளைக் குறிப்பிட்டு அவருக்கு எழுதலாம். 24 மணி நேரத்தில் ஏற்பு, குறித்த நாட்களுக்குள் தீர்வு என்பது விதி. பெயர் தளத்தின் அடிப்பகுதி இணைப்புகளில் இருக்கும். அதற்கு மேல் போவதென்றால் பயனர் ஒப்பந்தத்தில் சமரசத் தீர்ப்பு பற்றிய பகுதியை, எந்த ஊர், யார் செலவு என்று பார்த்துவிட்டுப் போங்கள். மாட்டிக்கொண்ட பணம் முந்நூறு டாலர், நடுவர் இருப்பது கலிபோர்னியாவில் என்றால் கணக்கு ஒத்துவராது. அந்த நிலையில் எஸ்க்ரோ பணத்துக்கான டிக்கெட்டை மட்டும் விடாமல் தொடருங்கள். கணக்கைத் திறக்க மறுத்த தளத்திலும், அனுமதிப் பத்தியோடு இருந்த முதல் மைல்ஸ்டோனின் பணம் ஏழு வாரம் கழித்து ஒருவருக்கு வந்து சேர்ந்தது.